இலையுதிர் காலத்துக்கு நான்கு அபுனைவு நூல்கள்: தேர்வதிலிருந்து முடிப்பது வரை

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், 'இந்தப் பருவத்தில் படித்தே ஆக வேண்டிய 25 புத்தகங்கள்' என்ற வகைப் பட்டியல்கள் வரிசை கட்டி வரும். பட்டியலைப் போட்டவரே அந்த 25-ஐயும் படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். இங்கே நான் சொல்லப்போவது நான்கே நான்கு. ஒரு பருவத்துக்கு நான்கு அபுனைவு நூல்கள் (கதை, நாவல் அல்லாதவை), நான்கும் நான்கு தினுசு. எதை எடுப்பது, எந்தப் பதிப்பை எடுப்பது, எந்த வரிசையில் படிப்பது, படித்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படி 1: பக்கக் கணக்குப் போடுங்கள்

வானிலைக் கணக்குப்படி வட அரைக்கோளத்தில் இலையுதிர் காலம் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை, 91 நாட்கள். தென் அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரை, 92 நாட்கள். இலை உதிராத வெப்ப நாடுகளில் இருப்பவர்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது தொடக்கமும் முடிவும் தெரிந்த மூன்று மாதம்.

இந்த 91 நாளில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே கழித்துவிடுங்கள். காய்ச்சல், விருந்தாளி, வேலை நெருக்கடி, தூக்கம் என்று அது எப்படியும் போகத்தான் போகிறது. மிச்சம் 60 நாள். நாளைக்கு அரை மணி நேரம், 15 பக்கம் என்று வைத்தால் 900 பக்கம். நாவலாக இருந்தால் அரை மணியில் இன்னும் அதிகம் ஓடும். அபுனைவில் ஒரு பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும், வரைபடத்தைப் புரட்ட வேண்டியிருக்கும், முன்பு வந்த பெயர் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். அதனால் 15 போதும்.

அந்த 900-ஐ இப்படிப் பிரிக்கலாம்: தடித்த நூல் ஒன்று, 450 பக்கம். நடுத்தர நூல்கள் இரண்டு, தலா 175. மெல்லிய நூல் ஒன்று, 100. புத்தகத்தைப் பக்க எண்ணிக்கையை வைத்து அளப்பது கணக்குப்பிள்ளை வேலையாகத் தோன்றலாம். ஆனால் பாதியில் நின்றுபோகும் வாசிப்புத் திட்டங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாததால்தான் நிற்கின்றன. ஒரு சின்ன சலுகையும் உண்டு: வரலாறு, அறிவியல் நூல்களில் கடைசி 50, 100 பக்கங்கள் குறிப்புகளும் சொல்லடைவுமாகவே இருக்கும். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

படி 2: விருதுப் பட்டியல்களைக் கையாளத் தெரிந்துகொள்ளுங்கள்

வடக்கே பதிப்புத் தொழிலின் பெரிய பருவம் இதுதான். ஆண்டிறுதிப் பரிசு விற்பனையைக் கணக்கில் வைத்துக் கனமான வாழ்க்கை வரலாறுகளையும் வரலாற்று நூல்களையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இறக்குவார்கள். அபுனைவுக்கென்றே பிரிட்டனில் தரப்படும் பெய்லி கிஃபர்ட் பரிசின் நெடும்பட்டியல் செப்டம்பர் வாக்கில் வரும், முடிவு நவம்பர் வாக்கில். (1999-ல் சாமுவேல் ஜான்சன் பரிசு என்ற பெயரில் தொடங்கியது.) அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டும் நவம்பரில். அக்டோபரில் நோபல். அந்த இலக்கிய நோபல்கூட எப்போதாவது அபுனைவின் பக்கம் திரும்பும். 2015-ல் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சுக்குக் கிடைத்தது, அவர் நூல்கள் சாட்சியங்களைக் கோத்து எழுதப்பட்டவை.

இந்தச் சத்தத்தில் ஒருவர் செய்யக்கூடியது சுலபமான ஒரு வேலை: இந்த ஆண்டுப் பட்டியலை ஒதுக்கிவிட்டு ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலை எடுங்கள். புதிதாக வந்ததைப் பற்றி முதல் மூன்று மாதத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் விளம்பரத்தின் நீட்சி. பத்தாண்டு கழித்தும் ஒரு நூலைப் பற்றி ஆட்கள் வாதாடிக்கொண்டிருந்தால் அதில் ஏதோ இருக்கிறது. 2014-ல் சாமுவேல் ஜான்சன் பரிசு பெற்ற ஹெலன் மெக்டொனால்டின் 'எச் இஸ் ஃபார் ஹாக்' இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. தந்தை திடீரென இறந்த துயரத்தில் ஒரு கோஷாக் பருந்தை வாங்கிப் பழக்கிய கதை அது. கூடவே இன்னொரு எழுத்தாளர் பருந்து பழக்கித் தோற்ற கதையும் ஓடுகிறது. இதை அடுத்த படியில் வரும் வாழ்க்கை நூலின் இடத்தில் தாராளமாக வைக்கலாம்.

சரி, புதிய நூல் வேண்டவே வேண்டாமா? புது நூல்களிலும் வரலாறு படைத்தவை உண்டு. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24-ல் வந்தது. பூச்சிமருந்துகளின் தீங்கைச் சொன்ன ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962 செப்டம்பர் 27-ல். இரண்டும் அந்தந்த இலையுதிர் காலத்தின் புது வரவுகள்தான். ஆனால் நான்கில் ஒன்றுக்கு மேல் புது நூல் வேண்டாம்.

படி 3: நான்கு இடங்களையும் நிரப்புங்கள்

இதுதான் முக்கியமான படி, ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். இடங்கள் இவை: பருவத்தோடு ஒட்டிய இயற்கை நூல், தடித்த நூல், மெல்லிய நூல், ஒரு வாழ்க்கை. ஒரே துறையில் நான்கு நூல்கள் எடுத்தால் மூன்றாவதற்கு வரும்போது எல்லாம் கலங்கி ஒன்றாகிவிடும். தினுசு மாறினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவில் நிற்கும்.

இயற்கை நூலில் என் முதல் பரிந்துரை ஆல்டோ லியோபோல்டின் 'எ சாண்ட் கவுன்ட்டி ஆல்மனாக்', 1949. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், விவசாயம் செய்தே ஓய்ந்துபோன மணல் நிலத்தை வாங்கி, அங்கே மாதா மாதம் என்ன நடக்கிறது என்று எழுதிய நூல். பதிப்பகம் ஏற்றுக்கொண்ட சேதி கிடைத்த ஒரு வாரத்திற்குள், பக்கத்து நிலத்துப் புல்தீயை அணைக்கப் போன இடத்தில் 1948-ல் இறந்துவிட்டார்; அச்சில் பார்க்கவில்லை. முதல் பகுதி ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்களாகப் பிரிந்திருப்பதால் நீங்கள் இருக்கும் மாதத்திலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் பிப்ரவரி அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மின்னல் தாக்கிச் செத்த ஓர் ஓக் மரத்தை விறகுக்காக அறுக்கிறார்கள். ரம்பம் பட்டையிலிருந்து உள்ளே போகப் போக, ஒவ்வொரு வளையமும் ஒரு வருடம் பின்னால் போகிறது. ரம்பம் 1899-ஐக் கடக்கும்போது, இன்று அடியோடு அழிந்துபோன பயணிப் புறா இனத்தில் அந்த மாநிலத்தின் கடைசிப் பறவை சுடப்பட்ட செய்தி வருகிறது. இன்னும் உள்ளே போனால் 1860-கள். பத்துப் பத்து ஆண்டுகள் அறுத்ததும் "ஓய்வு" என்று குரல் வருகிறது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் சூழல் வரலாறு முழுவதையும் ஒரு மரத்தின் குறுக்குவெட்டில் சொல்லிவிடுகிறார். வரலாறு எழுத நினைக்கும் யாரும் படிக்க வேண்டிய சில பக்கங்கள்.

இன்னும் நெருங்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு டேவிட் ஜார்ஜ் ஹாஸ்கெலின் 'தி ஃபாரஸ்ட் அன்சீன்', 2012. டென்னசியின் பழங்காடு ஒன்றில் ஒரு சதுர மீட்டர் அளவு நிலத்தைத் தேர்ந்து, ஓராண்டு முழுக்க அங்கேயே போய் உட்கார்ந்து பார்த்தது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தேதி போட்டிருக்கும், சிறிய அத்தியாயங்கள். இலை விழுந்தபின் அதற்கு மண்ணில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி இவ்வளவு பொறுமையாக எழுதியவர்கள் குறைவு.

தமிழில் வேண்டுமென்றால் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், ஆங்கிலப் பத்திரிகையில் பல்லாண்டுகள் இயற்கைப் பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த நூல் இது. பறவையையோ அணிலையோ பற்றிச் சொல்லும்போது அவர் வாக்கியத்தில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது. பாஸ்கரனின் சூழலியல் கட்டுரைகளும் இதே இடத்துக்குப் பொருந்தும்.

தடித்த நூலுக்கு வருவோம். இங்கே பக்க எண்ணிக்கைக்குத் தகுந்த கதை ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் நான்காம் வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்' (2010, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு) இதற்கு நல்ல உதாரணம். புற்றுநோயின் வரலாறு. 1947-ல் போஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து கதை சூடு பிடிக்கிறது. மருத்துவ நூலாக இருந்தும் கீழே வைக்க முடியாததற்குக் காரணம் முகர்ஜி செய்யும் சில உத்திகள். ஒன்று சொல்கிறேன்: பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதில் அட்டோசா என்ற பாரசீக அரசிக்கு மார்பில் கட்டி வந்த குறிப்பு இருக்கிறது. கடைசியில் முகர்ஜி அந்த அரசியை ஒவ்வொரு நூற்றாண்டாக நடத்திக் கூட்டிவருகிறார். இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அவளுக்கு என்ன சிகிச்சை கிடைத்திருக்கும், எத்தனை காலம் வாழ்ந்திருப்பாள்? முந்தைய நானூறு பக்கங்களில் படித்தது அத்தனையும் சில பக்கங்களில் ஒருமுறை கண்முன் ஓடிவிடும். அப்புறம் அந்த நூலை மறக்க முடியாது.

மெல்லிய நூலில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. ஜான் ஹெர்ஸியின் 'ஹிரோஷிமா'. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழ் முழுவதையும் இந்த ஒரு கட்டுரைக்கே ஒதுக்கினார்கள். உயிர் பிழைத்த ஆறு பேர், அவ்வளவுதான். குண்டு வெடித்த நொடியில் அந்த ஆறு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதில் தொடங்குகிறது: ஓர் அலுவலகக் குமாஸ்தாப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்பியிருக்கிறாள். ஹெர்ஸி கண்ணீர் விடச் சொல்வதில்லை, கோபப்படச் சொல்வதில்லை, நடந்ததை மட்டும் அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

அதைவிடவும் சின்னதாக, ஒரே மாலையில் முடிக்கிற மாதிரி வேண்டுமென்றால் ஹென்றி டேவிட் தோரோவின் 'ஆட்டம்னல் டின்ட்ஸ்' கட்டுரை. அவர் இறந்த 1862-ஆம் ஆண்டிலேயே அச்சானது, காப்புரிமை காலாவதியானது என்பதால் இணையத்தில் இலவசம். எந்த மரம் எப்போது என்ன நிறம் கொள்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியது. இதன் அறிவியலை அதில் தேடாதீர்கள். பச்சையம் சிதைவதால் இலையில் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உண்டாகிறது. உதிரப்போகிற இலையில் மரம் ஏன் இந்தச் செலவைச் செய்கிறது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டு தோரோவைப் படித்தால், வெறும் கண்ணை வைத்துக்கொண்டே அவர் எவ்வளவு பிடித்திருக்கிறார் என்பது புரியும்.

நான்காவது, ஒரு வாழ்க்கை. தமிழில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம். 'ஆனந்த விகட'னில் வாரா வாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சின்னவை, ராத்திரிக்கு ஒன்று என்று அளந்துவைத்தது போல இருக்கும். 1942-ல் அவர் மறைந்ததால் முடிவடையாமல் நின்றுபோனது, நூலாக வந்தது 1950-ல். 1880 அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்தைக் கவனித்துப் படியுங்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, கோவை, உலா, புராணம் என்று ஒப்பித்துக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார், 'சீவகசிந்தாமணி' படித்ததுண்டா என்கிறார். தான் பெருமையாக நினைத்த படிப்பையெல்லாம் ஒருவர் தள்ளிவைத்ததை, மறைக்காமல், அறுபது ஆண்டு கழித்து அப்படியே எழுதுகிறார். அந்தச் சந்திப்பின் விளைவுதான் 1887-ல் வந்த சிந்தாமணிப் பதிப்பும் அதன் பின் வந்த சங்க நூல்களும். தன்வரலாறு என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒன்று: இது பெரிய நூல். இதை எடுத்தால் தடித்த நூலின் இடமும் இதற்கே போய்விடும், முகர்ஜி அடுத்த பருவத்துக்கு.

படி 4: இருபது நிமிடச் சோதனை

மேலே சொன்னவற்றை எடுக்காமல் உங்கள் விருப்பத்துக்கு எடுப்பீர்கள் என்றுதான் எதிர்பார்க்கிறேன். அப்படி எடுக்கும் எந்த நூலையும் முடிவு செய்யும் முன் இருபது நிமிடம் சோதியுங்கள்.

முன்னுரையைப் படிக்காதீர்கள். எழுத்தாளர் அதைத்தான் பத்து முறை செதுக்கியிருப்பார். நடுவில், 150-ஆம் பக்கம் வாக்கில் திறந்து மூன்று பக்கம் படியுங்கள். அங்கேயும் வாக்கியம் உயிரோடு இருந்தால் நூல் தாங்கும். அடுத்து கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஆதாரக் குறிப்புகள் உண்டா? ஒரு புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? 'மௌன வசந்தம்' எழுதிய கார்சன், பூச்சிமருந்துத் தொழில் தன்மேல் பாயும் என்று தெரிந்தே எழுதினார். நூலின் பின்னால் பல பத்துப் பக்கங்களுக்கு ஆதாரங்களை அடுக்கினார். எதிர்ப்பும் வந்தது. 1963-ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு அறிக்கை வெளியிட்டபோது அது பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது.

சொல்லடைவு இருந்தால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அதில் தேடி அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள். தெரிந்த விஷயத்தில் தடுமாறுகிற ஆசிரியர் தெரியாத விஷயத்தில் மட்டும் சரியாகச் சொல்லுவார் என்று எப்படி நம்புவது? கடைசியாக, 'இதற்கு ஆதாரம் இல்லை', 'இதில் ஆய்வாளர்கள் மாறுபடுகிறார்கள்' போன்ற வரிகள் எங்காவது கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் நல்ல அறிகுறி.

படி 5: பதிப்பைப் பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. ஒரே தலைப்பில் இரண்டு வெவ்வேறு புத்தகங்கள் இருக்கலாம்.

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அவர் காலத்திலேயே ஆறு பதிப்புகள் கண்டது. 1872-ல் வந்த ஆறாவதில் எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லவே ஓர் அத்தியாயத்தைச் சேர்த்துவிட்டார். வாதம் அங்கங்கே தற்காப்புக்குப் போய்விடுகிறது. 1859-ன் முதல் பதிப்பே கூர்மையானது, அதையே தேடுங்கள். முழுதும் படிக்க நேரமில்லாவிட்டால் 3, 4, 6, 14 என்ற நான்கு அத்தியாயங்கள் போதும்: வாழ்க்கைப் போராட்டம், இயற்கைத் தேர்வு, கோட்பாட்டின் சிக்கல்கள், முடிவுரை. அவருடைய தன்வரலாறோ இன்னும் வேடிக்கை. 1876-ல் குடும்பத்துக்காக எழுதியதை, இறந்தபின் 1887-ல் மகன் ஃபிரான்சிஸ் சில பகுதிகளை வெட்டி வெளியிட்டார். மதம் பற்றிய பத்திகள் பல அதில் போயின. பேத்தி நோரா பார்லோ 1958-ல்தான் முழுப் பாடத்தையும் வெளியிட்டார். நூறு பக்கச் சொச்சம்தான், வாங்கினால் 1958 பாடத்தை வாங்குங்கள்.

ஹெர்ஸி நாற்பது ஆண்டு கழித்து அந்த ஆறு பேரின் பிற்கால வாழ்க்கையைத் தேடிப் போய் 1985-ல் ஐந்தாவது அத்தியாயம் ஒன்றைச் சேர்த்தார். பழைய பிரதிகளில் அது இருக்காது. வாங்குமுன் பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் சுருக்கமா முழுமையா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். உள் அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும். முதல் பத்துப் பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் வாக்கியத்தை உடைத்து உடைத்துப் படிக்க வேண்டி வந்தால், ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஆங்கிலத்துக்கே போய்விடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படி 6: வாரங்களாகப் பிரியுங்கள்

இயற்கை நூலை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒதுக்குங்கள். 13 ஞாயிறு, தலா 14 பக்கம் என்றால் 175 பக்க நூல் தானாகவே முடிந்துவிடும். அதை முடிந்தவரை வெளியில் உட்கார்ந்து படியுங்கள்.

மற்ற நாட்களில் வாரத்துக்கு நான்கு நாள் படித்தால் 60 பக்கம். முதலில் தடித்த நூலைத் தொடங்குங்கள். பருவத்தின் ஆரம்பத்தில்தான் உற்சாகம் இருக்கும். எட்டாவது வாரத்தின் நடுவில் அது முடியும். உடனே மெல்லிய நூல். பெரிய நூலை முடித்த களைப்பில் இன்னொரு பெரிய நூலைத் தொடுகிறவர்கள்தான் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 10 முதல் 12 வரை வாழ்க்கை நூல். 13-ஆம் வாரத்தைக் காலியாக விடுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

ஒலிநூல் கேட்பவர்கள் தடித்த நூலைக் கேட்கலாம், கதை ஓட்டம் உள்ளவை காதில் நன்றாகவே ஏறும். எண்ணும் அட்டவணையும் நிறைந்த நூல்களுக்குக் காகிதமோ திரையோதான் சரி.

படி 7: குறைவாகக் குறித்துக்கொள்ளுங்கள்

வண்ண வண்ணமாகக் கோடு போடுவது படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தரும், அத்தோடு சரி. பென்சிலால் புத்தகத்தின் கடைசி வெற்றுப்பக்கத்தில் மூன்று வகைக் குறிப்பு மட்டும் எழுதுங்கள்: பக்க எண்ணோடு உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரு வரி; நம்ப முடியாத இடமென்றால் பக்க எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி; அந்த நூல் சுட்டும் வேறொரு நூல் ஆர்வத்தைக் கிளப்பினால் அதன் பெயர். ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். உங்கள் வாக்கியத்தில் எழுத வரவில்லை என்றால் அந்த அத்தியாயம் புரியவில்லை என்று பொருள், திரும்பிப் போங்கள்.

படி 8: நம்புவதற்கும் ஓர் அளவு வையுங்கள்

அபுனைவு என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே உள்ளே இருப்பதெல்லாம் நடந்தபடி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தோரோ வால்டன் குளக்கரையில் 1845 முதல் 1847 வரை இரண்டு ஆண்டு, இரண்டு மாதம் இருந்தார். அதைப் பற்றி எழுதிய 'வால்டன்' நூலில் அது ஒரே ஆண்டாகச் சுருங்கிவிட்டது. ஜே.ஏ. பேக்கரின் 'தி பெரக்ரின்' (1967) அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஒரே குளிர்காலத்து நாட்குறிப்பு போலப் படிக்கும். பொரி வல்லூறுகளின் பின்னால் பத்து ஆண்டு அலைந்ததை அதில் ஒன்றாக்கியிருக்கிறார். இரண்டுமே அற்புதமான நூல்கள். ஆனால் 'நவம்பர் இந்தத் தேதியில் இந்தப் பறவை இதைச் செய்தது' என்று அதிலிருந்து மேற்கோள் காட்டுமுன் யோசிக்க வேண்டும்.

அறிவியல் நூல்களில் சிக்கல் வேறு. அவை எழுதிய நாளோடு உறைந்துவிடும், அறிவியல் நகர்ந்துகொண்டே இருக்கும். உளவியலாளர் டேனியல் கானமனின் 'திங்க்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' 2011-ல் வந்தது. ஒரு சொல்லையோ படத்தையோ காட்டினாலே மனிதர்களின் நடத்தை மாறிவிடும் என்ற வகைச் சோதனைகளை அதன் நான்காம் அத்தியாயம் நம்பி எடுத்துச் சொல்கிறது. பின்னால் அந்தச் சோதனைகள் பல திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. 2017-ல் கானமனே, சிறிய மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக ஒப்புக்கொண்டார். நூலின் மற்ற பகுதிகள் இன்னும் படிக்கத் தக்கவைதான், அந்த அத்தியாயத்தை மட்டும் பென்சில் கேள்விக்குறியோடு படியுங்கள்.

மரங்கள் மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் கன்றுகளுக்கு ஊட்டுகிறது என்ற கதையும் இப்படித்தான். 1997-ல் காட்டியல் ஆய்வாளர் சுசேன் சிமார்டு வெளியிட்ட ஆய்வில் தொடங்கி, ஜெர்மானிய வனவர் பீட்டர் வோலெபனின் 2015 நூலான 'தி ஹிடன் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' வழியாக உலகமெங்கும் போனது. 2023-ல் இதே துறையைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள், காட்டில் கிடைத்த ஆதாரம் இந்தப் பெரிய கூற்றுகளைத் தாங்கவில்லை என்று விரிவாக எழுதினார்கள். வோலெபனைப் படிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். படித்த கையோடு, அவர் பெயரோடு 'விமர்சனம்' என்று சேர்த்து அரை மணி நேரம் தேடிப் படித்துவிடுங்கள். எந்தப் புகழ்பெற்ற அறிவியல் நூலுக்கும் இந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கலாம்.

படி 9: விட வேண்டியதை விடுங்கள்

60 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் உடனே மூடிவிடாமல், பொருளடக்கத்தில் உங்களுக்குப் பிடித்தமான ஓர் அத்தியாயத்துக்குத் தாவுங்கள். அபுனைவில் இந்தச் சுதந்திரம் உண்டு. அதுவும் சுரத்தில்லாமல் இருந்தால் விட்டுவிட்டு, அதே இடத்துக்கு வேறு நூலை எடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நஷ்டமில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: கடினமாக இருப்பதால் நின்ற நூலையும் சலிப்பாக இருப்பதால் நின்ற நூலையும் பிரித்துப் பாருங்கள். கடினமானதற்கு, அதே பொருளில் ஒரு மெல்லிய நூலை முதலில் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் பாதி தடை போய்விடும்.

படி 10: பதின்மூன்றாவது வாரம்

இந்த வாரம் புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். பாக்கி இருந்தால் முடியுங்கள். பிறகு நான்கு நூல்களின் கடைசி வெற்றுப்பக்கங்களையும் எடுத்து வையுங்கள். கேள்விக்குறி போட்ட இடங்களில் மூன்றையாவது ஆதாரக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில சரியாக இருக்கும், சில ஆட்டம் காணும். அடுத்து, நூல்கள் சுட்டிய நூல்களின் பெயர்கள். இரண்டு பேர் ஒரே நூலைச் சுட்டியிருந்தால் அதற்கே முதலிடம். அடுத்த பருவத்தின் நான்கு இடங்களில் மூன்றை இந்தப் பெயர்களைக் கொண்டு நிரப்பிவிட்டு, நான்காவதை யாராவது ஒரு நண்பர் வற்புறுத்திக் கையில் திணிக்கும் புத்தகத்துக்காகக் காலியாக வையுங்கள்.